விறைப்பு எப்படி இயங்குகிறது? ஒரு குக்கரை வைத்து மருத்துவச் சீட்டைப் படிப்போம்

துறையூரிலிருந்து உப்பிலியபுரம் தாண்டிப் போனால் புளியஞ்சோலை. கொல்லிமலையின் அடிவாரம், திருச்சி மாவட்டம். மேலே ஆகாய கங்கையாக விழும் அய்யாறு இங்கே பாறைகளுக்கு நடுவே ஓடிவருகிறது. சித்தர்கள் வாழ்ந்த மூலிகை மலை என்று கொல்லிமலைக்குப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி விற்பதில் தேன், மிளகு, முடவாட்டுக்கால் கிழங்கு எல்லாம் தாராளமாக வாங்கலாம். ஆனால் அதே பெயரைச் சொல்லி, தமிழ்நாட்டின் எந்த ஊரிலும், "ஆண்மைக்கு" என்று குரலைத் தாழ்த்தி ஒரு பொடியோ லேகியமோ விற்கிறார்கள். எனக்குக் கவலை அதைப் பற்றித்தான். வாங்குகிறவருக்குச் சர்க்கரை உண்டா, நெஞ்சுவலிக்கு மாத்திரை எடுக்கிறாரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கேட்கிற இடம் ஆஸ்பத்திரி. அங்கே போனவருக்கு வேறு சிக்கல். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு புரியாது, இந்த விஷயத்தில் திருப்பிக் கேட்கவும் வாய் வராது. சீட்டில் இப்படி இருக்கும்: 'கே/சி/ஓ டி2டிஎம், எஸ்எச்டி. இ.டி., ஆறு மாதம். ? வாஸ்குலோஜெனிக். எச்பிஏ1சி, லிப்பிட் ப்ரொஃபைல், டெஸ்டோஸ்டிரோன், பீனைல் டாப்ளர்.' இந்த ஒன்றரை வரியைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். மீதிப் பயம் இருக்க வேண்டியதுதான். ஏன் என்று பின்னால் வருகிறது.

முதல் பகுதி சுலபம். ஏற்கெனவே இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர் என்று அர்த்தம். 'இ.டி.' என்பது எரெக்டைல் டிஸ்ஃபங்ஷன், அதாவது விறைப்புக் குறைபாடு. உறவுக்குப் போதுமான விறைப்பு வராமலிருப்பது, அல்லது வந்தும் நிற்காமலிருப்பது. அதுவும் தொடர்ந்து, மாதக்கணக்கில். ஒருநாள் களைப்பு, ஒருநாள் குடி, ஒருநாள் வீட்டில் சண்டை என்று வந்து போவது இதில் சேராது. முன்பெல்லாம் டாக்டர்களே 'இம்பொடென்ஸ்' என்றுதான் எழுதினார்கள். ஆளையே 'சக்தியற்றவன்' என்று சொல்லிவிடுகிற அந்தச் சொல்லைக் கைவிடும்படி 1992 டிசம்பரில் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு பரிந்துரைத்தது. புதிய பெயர் ஒரு உறுப்பின் வேலையில் குறை என்று மட்டும் சொல்கிறது.

நம் ஊரில் 'ஆண்மைக் குறைவு' என்ற ஒரே பெயரில் நான்கு வேறு விஷயங்களைக் கொட்டி வைத்திருக்கிறோம். ஆசையே குறைவது ஒன்று, விறைப்பு வராதது ஒன்று, விந்து சீக்கிரம் வெளியேறுவது ஒன்று, குழந்தை இல்லாதது ஒன்று. நான்குக்கும் காரணம் வேறு, பரிசோதனை வேறு, மருந்து வேறு. விந்தணு எண்ணிக்கை நன்றாக உள்ளவருக்கு விறைப்புக் குறை இருக்கலாம். விறைப்பு நன்றாக உள்ளவருக்கு விந்தணுவே இல்லாமல் போகலாம்.

இனி இயங்குவது எப்படி என்று பார்ப்போம். மூடி உள்ளே போய் மாட்டும் குக்கர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஹாக்கின்ஸ் மாதிரி. மூடியைச் சாய்த்து உள்ளே விட்டு, கைப்பிடியைச் சேர்த்துக் கொக்கி மாட்டுகிறோம். அடுப்பைப் பற்றவைத்த முதல் சில நிமிடம் மூடி ஓரத்தில் ஆவி கசியும், நீர் முத்து முத்தாகத் துளிர்க்கும். கைப்பிடியை அசைத்தால் மூடி லேசாக ஆடும். ஆவி சேரச் சேர, அதுவே மூடியைக் கீழிருந்து மேலே தள்ளி விளிம்போடு வைத்து அழுத்துகிறது. கசிவு நின்றுவிடுகிறது. வெளியிலிருந்து யாரும் இறுக்கவில்லை. உள்ளே சேர்ந்த ஆவியே தான் வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டது. விறைப்பும் இதே கணக்கில்தான் நடக்கிறது.

ஆணுறுப்பில் எலும்பு கிடையாது. நீளவாக்கில் இரண்டு அறைகள் உண்டு. கார்ப்போரா கேவர்னோசா என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் பெயர் இந்த இரண்டுக்கும்தான். அவற்றைச் சுற்றியுள்ள கெட்டியான உறை டூனிகா அல்புஜினியா. அதுதான் நம் பாத்திரம். உள்ளே குட்டிக் குட்டி ரத்தப் பைகள் நிறைந்திருக்கின்றன. ரத்தத்தைக் கொண்டுவரும் தமனி, அடுப்புக்கு வரும் கேஸ் டியூப். தமனியின் சுவரிலும் பைகளின் சுவரிலும் இருக்கும் மென்தசை, அடுப்பின் திருகு. ரத்தத்தை வெளியே எடுத்துப்போகும் சிரைகள் உறைக்குச் சற்று உள்ளே ஓடுகின்றன. அவை மூடி ஓரத்து இடைவெளி.

இந்தத் திருகு நாள் முழுக்க இறுக மூடியே இருக்கிறது. அந்தத் தசை சுருங்கியிருப்பதால்தான் உறுப்பு சாதாரண நேரத்தில் தளர்ந்திருக்கிறது. தசை தளர்ந்தால் வழி திறந்து ரத்தம் பாய்கிறது, உறுப்பு விறைக்கிறது. வெளியில் பார்ப்பதற்கு நேர் எதிராக உள்ளே நடக்கிறது. "நரம்புத் தளர்ச்சி" என்று சுவர் விளம்பரத்தில் படித்துப் பயந்தவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். விறைப்புக்கு உடம்பு கேட்பதே ஒரு தளர்வைத்தான். பயந்தவருக்கு உடம்பில் நார்அட்ரினலின் ஏறி அந்தத் தசையை இன்னும் இறுக்குகிறது. இன்றைக்கு முடியுமா முடியாதா என்று தன்னையே கண்காணித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு முடியாமல் போவது இதனால்தான். சீட்டில் 'பர்ஃபார்மன்ஸ் ஆங்சைட்டி' என்று எழுதியிருந்தால் அர்த்தம் இதுதான்.

திருகைத் திறக்கும் கை எது? முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பும் நரம்புகள். அவற்றின் முனையும் ரத்தக்குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை விடுகின்றன. அந்த வாயு தசைக்குள் புகுந்து சைக்ளிக் ஜிஎம்பி என்ற ஒரு பொருளை உண்டாக்குகிறது. அது சேர்ந்தால் தசை தளரும். ரத்தக்குழாய்களில் இந்த வாயு ஒரு செய்தி கடத்தியாக வேலை செய்வதைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதே 1998இல், மார்ச் 27 அன்று, சில்டெனாஃபில் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது முதலில் நெஞ்சுவலிக்கு மருந்தாகுமா என்று ஃபைசர் நிறுவனம் இங்கிலாந்தில் சோதித்துக்கொண்டிருந்த பொருள்.

அடுப்பைத் திறந்தே வைத்திருக்க உடம்பு விடாது. கேஸ் வீணாகக் கூடாதென்று போகும்போதும் வரும்போதும் திருகைக் குறைத்துவிட்டுப் போகும் பெரியவர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். இங்கே அவர் பெயர் பிடிஇ-5, ஒரு நொதி. சைக்ளிக் ஜிஎம்பி சேரச் சேர அதைச் சிதைத்துக்கொண்டிருப்பது அவர் வேலை. சில்டெனாஃபில், டாடலாஃபில், வார்டெனாஃபில் எல்லாம் 'பிடிஇ-5 இன்ஹிபிட்டர்' என்று ஒரே வகை. அந்தப் பெரியவரின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை.

இதைப் புரிந்துகொண்டால் மாத்திரை பற்றிய பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். திருகை யாரும் திறக்காதபோது, மூடுகிறவர் கையைப் பிடித்து என்ன பயன்? அதனால்தான் மாத்திரை போட்டுக்கொண்டு சும்மா படுத்திருந்தால் ஒன்றும் நடக்காது. தொடுதலும் ஆசையும் இருந்தாக வேண்டும். நரம்பே கெட்டுப்போனவருக்கு மாத்திரை சரியாக வேலை செய்யாததும் இதனால்தான். இன்னொன்று, வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுச் சில்டெனாஃபில் போட்டால் கொழுப்பு அதை மெதுவாகத்தான் ஏறவிடும். "போட்டேன், வேலை செய்யல" என்று முடிவு கட்டுகிறவர்களில் சிலருடைய கோளாறு இவ்வளவுதான். டாடலாஃபிலுக்குச் சாப்பாடு தடையில்லை. அது உடம்பில் ஒன்றரை நாள் வரைக்கும் நிற்கும்.

திருகை வெளியிலிருந்தே திறக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர் கைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் உடலியங்கியல் அறிஞர். 1983இல் லாஸ் வேகாஸில் சிறுநீரகவியல் மருத்துவர்கள் கூடியிருந்த அரங்கில், தசையைத் தளர்த்தும் மருந்தைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு வந்து, அதன் விளைவை மேடையிலேயே காட்டினார். ஆசை எழ வாய்ப்பே இல்லாத ஒரு கூட்டத்தில் தசை தளர்ந்தால் போதும் என்று நிரூபணமாயிற்று. எல்லாம் மனசுதான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்த ஒரு துறை அந்த நாளுக்குப் பிறகு ரத்தக்குழாய்ப் பக்கம் திரும்பியது. அவருடைய துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இப்போது மூடிக்கு வருவோம். பைகள் ரத்தத்தால் நிறைந்து விரியும்போது, உறைக்கும் பைகளுக்கும் நடுவில் உள்ள சிரைகள் நசுங்குகின்றன. ரத்தம் வெளியேறும் வழி அடைபடுகிறது. இதற்கு 'வீனோ-ஆக்லூஷன்' என்று பெயர். இது சரியாக நடக்காவிட்டால் 'வீனஸ் லீக்', சிரைக் கசிவு. டாப்ளர் ஸ்கேன் பார்ப்பது இந்த இரண்டையும்தான்: டியூபில் வேகம் போதுமா, மூடி ஓரம் கசிகிறதா. உறுப்பில் ஒரு ஊசி போட்டுவிட்டு அளப்பார்கள். ரிப்போர்ட்டில் 'பிஎஸ்வி' என்றிருப்பது ரத்தம் உள்ளே பாயும் உச்ச வேகம். விநாடிக்கு 30 முதல் 35 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது. 25க்குக் கீழே போனால் தமனியில் குறை என்று எடுத்துக்கொள்வார்கள். 'இடிவி' என்பது இதயம் ஓய்வெடுக்கும் கணத்தில் மிஞ்சியிருக்கும் வேகம். பிஎஸ்வி நன்றாக இருந்தும் இடிவி 5க்கு மேல் நின்றால் கசிவு இருக்கலாம் என்று சந்தேகம்.

இந்தச் சந்தேகத்தை முடிவாக எடுத்துக்கொண்டு கலங்கிப்போகிறவர்கள் நிறைய. அவர்கள் குக்கரை மறுபடி பார்க்க வேண்டும். கேஸ்கட் புதிதாக இருந்தாலும் அடுப்பு சிம்மில் கிடந்தால் மூடி ஏறி உட்காராது, ஓரத்தில் கசிந்துகொண்டேதான் இருக்கும். குறை கேஸ்கட்டில் இல்லை, தீயில். தெரியாத அறையில், தெரியாத ஆள்கள் முன்னால், ஊசியோடு படுத்திருக்கும் மனிதனுக்குப் பதற்றத்தில் தசை முழுதாகத் தளராது. பைகள் முழுதாக விரியாது. சிரைகள் சரியாக நசுங்காது. ரிப்போர்ட் 'வீனஸ் லீக்' என்று வரும். அனுபவமுள்ள டாக்டர்கள் இன்னொரு டோஸ் கொடுத்து, தனியாக விட்டு, மறுபடி அளப்பது இதற்காகத்தான். இளைஞர் ஒருவர் இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை தேடி அலைய வேண்டியதில்லை.

ஸ்கேனுக்கு முன்பே டாக்டர் கேட்கும் ஒரு கேள்வி அதைவிட அதிகம் சொல்லும். "காலையில எந்திரிக்கும்போது விறைப்பு இருக்காய்யா?" ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், கனவு வரும் கட்டங்களில், ஒரு இரவில் மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு வரும். காலையில் தெரிவது அதன் கடைசி மிச்சம். சமையலறையில் யாருமில்லாத நேரத்தில் அடுப்பு தானாக எரிந்து அணைகிறது என்றால் டியூபும் திருகும் சரி. அப்போது காரணம் பெரும்பாலும் மனம். 'சைக்கோஜெனிக்' என்று எழுதுவார்கள். திடீரென்று தொடங்கியிருந்தால், சில சமயம் வந்து சில சமயம் வராமல் இருந்தால், அந்தப் பக்கம்தான் சாயும். இரவிலும் இல்லை, காலையிலும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது என்றால் 'ஆர்கானிக்', உடம்புக் காரணம். அதில் ரத்தக்குழாயால் வருவது 'வாஸ்குலோஜெனிக்'. நரம்பால் வருவது 'நியூரோஜெனிக்': முதுகுத்தண்டில் அடி, புராஸ்டேட் அறுவை, நாள்பட்ட சர்க்கரை. மருந்தால் வருவதும் உண்டு. சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் இதைச் செய்யும். டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். கொதிப்பு மாத்திரையை நாமாக நிறுத்தினால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம்.

டெஸ்டோஸ்டிரோனை இந்தச் சமையலறையில் எங்கே வைப்பது? வீட்டில் பசி இருக்கிறதா என்பதுதான் அது. பசியே இல்லாத வீட்டில் எவ்வளவு நல்ல குக்கரும் ஏறாது. ஆசையே குறைந்தவருக்குத்தான் இது முக்கியம். காலை வேளையில் ரத்தம் எடுக்கச் சொல்வார்கள், அப்போதுதான் அதன் அளவு உச்சத்தில் இருக்கும். அளவு குறையாதவர் ஊசி போட்டுக்கொண்டால் விறைப்பு கூடிவிடாது, விந்தணு உற்பத்திதான் படுத்துவிடும்.

விந்து வெளியேறியதால்தான் எல்லாம் போயிற்று என்ற பயம் தனி. மனநல மருத்துவர் என்.என்.விக் 1960இல் அதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். உடம்பில் ஒன்றும் குறைவதில்லை, பயம்தான் வளர்கிறது. இந்தப் பயத்தை வீட்டுக் கூடத்திலேயே பேச வைத்தது விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதம் நடத்திய 'புதிரா புனிதமா'. அதற்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

சீட்டில் இருந்த 'வாஸ்குலோஜெனிக்' என்ற சொல்லோடு எச்பிஏ1சி என்ற சர்க்கரைப் பரிசோதனையும் லிப்பிட் ப்ரொஃபைல் என்ற கொழுப்புப் பரிசோதனையும் ஏன் வந்தன? மீதிப் பயம் இருக்கட்டும் என்றேனே, அது இங்கேதான். ஒரே கேஸ் லைனிலிருந்துதான் இதயத்துக்கும் கிளை போகிறது. உறுப்பின் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம். இதயத்தின் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். உட்சுவர் கெட்டுக் கொழுப்பு படியும்போது எந்தக் குழாய் முதலில் தடுமாறும்? சின்னதுதான். விறைப்புக் குறை தெரிந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் கழித்து நெஞ்சுவலி வருவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நாற்பத்தைந்து வயதில் இந்தக் குறையோடு வருகிறவருக்கு ஈசிஜி, சர்க்கரை, கொழுப்பு பார்ப்பது அவர் உயிருக்காக. பீடி, சிகரெட் கெடுப்பதும் அதே உட்சுவரைத்தான். சர்க்கரை நோய் இரண்டு பக்கமும் அடிக்கிறது. டியூபையும் கெடுக்கும், திருகைத் திறக்கும் நரம்பையும் கெடுக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். இந்தக் குறை எத்தனை வீடுகளில் பேசப்படாமல் கிடக்கிறது என்று இதிலிருந்தே தெரிகிறது.

லேகியக்காரரிடம் போனால் இழக்கிற முதல் விஷயம் இந்த எச்சரிக்கை. ஆறு மாதம் பொடி தின்று பார்ப்போம் என்று கழியும் ஆறு மாதமும் இதயத் தமனியில் கணக்காகிறது. இரண்டாவது ஆபத்து உடனடியானது. 'முற்றிலும் இயற்கை' என்று விற்கப்படும் பொருள்களில் சில்டெனாஃபில் கலந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் நைட்ரிக் ஆக்ஸைடு வழியாகவே வேலை செய்கிறது. ஒருபக்கம் எல்லாத் திருகுகளையும் திறக்கும் மருந்து, மறுபக்கம் மூடுகிறவர் கையைப் பிடிக்கும் மருந்து. இரண்டும் சேர்ந்தால் உடம்பு முழுக்க ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்கும், டாடலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்கும் சார்பிட்ரேட் வகை மருந்து கொடுக்கக் கூடாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர் தான் தின்ற பொடியில் என்ன இருந்தது என்று எப்படிச் சொல்வார்? மெடிக்கல் ஷாப்பில் ஆள் இல்லாத நேரம் பார்த்து "அண்ணே, அந்த மாத்திரை ஒண்ணு" என்று வாங்குகிறவருக்கும் இதே ஆபத்து உண்டு.

இப்படிப்பட்ட விளம்பரங்களுக்கு 1954இலேயே சட்டம் தடை போட்டிருக்கிறது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் என்று பெயர். பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது என்று அது சொல்கிறது. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் அரசு மருத்துவமனையில் சித்தப் பிரிவு இருக்கும் இடத்துக்குப் போகலாம். பதிவு பெற்ற மருத்துவர் அங்கே சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிறவர் பெரும்பாலும் தெரிந்த வீட்டுப் பெண். அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆரம்பச் சுகாதார நிலையத்து டாக்டரிடம் "சார், இ.டி. இருக்கு" என்று இரண்டு எழுத்தில் சொன்னால் போதும். அவர் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தரலாம். ஐஐஇஎஃப்-5 என்று பெயர். மொத்த மதிப்பெண் 25. 22 அல்லது அதற்கு மேல் என்றால் குறை இல்லை. 7 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான குறை. நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம். இதயம் உறவைத் தாங்குமா என்று பார்க்க, மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறதா என்று கேட்பார். மனைவியையும் அழைத்துவரச் சொன்னால் அழைத்துப் போங்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல், தன்மேல் பிரியம் போய்விட்டதோ என்று அவர் தனியே குமைந்துகொண்டிருப்பார்.

மாத்திரை பலிக்காதவர்களுக்கு வாக்யூம் கருவி, உறுப்பிலேயே போடும் ஊசி, கடைசியாக உள்ளே பொருத்தும் இம்ப்ளான்ட் என்று வழிகள் உண்டு. ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு, அபூர்வமாக மாத்திரை எடுப்பவர்களுக்கும், ஒரு அவசரநிலை வரலாம். மூடி திறக்க மறுப்பது. விறைப்பு நான்கு மணி நேரம் தாண்டியும் இறங்காமல் வலித்தால், உள்ளே அடைபட்ட ரத்தத்தில் பிராணவாயு தீர்ந்து தசை சாகத் தொடங்குகிறது. விடியட்டும் என்று வெட்கப்பட்டு வீட்டில் படுத்திருந்தால் அந்தத் தசை திரும்பாது. நடு இரவானாலும் 108ஐக் கூப்பிட்டுத் துறையூருக்கோ திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். அதன் பெயர் ப்ரயாபிசம். எமர்ஜென்சி வாசலில் அந்த ஒரு சொல்லையும் எத்தனை மணி நேரமாயிற்று என்பதையும் சொன்னால் போதும், வேறு விளக்கம் கேட்காமல் உள்ளே கூட்டிப்போவார்கள்.